"அனுப்பினனான் சேர், வரேல்லையோ?": உயர்தர மாணவருக்கு மெயிலும் வேலைச்சுமையும் பிழை நீக்கும் வழிமுறை

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் (தரம் 12, 13) படிக்கிற பிள்ளைக்கு மெயில் ஒரு காலத்தில் தேவைப்படாத சாமான். இப்போது பழைய மாணவர் சங்கத்தின் உதவித்தொகை, பல்கலைக்கழகத் துறைகள் வைக்கும் போட்டி, மன்ற இதழுக்கு அனுசரணை, வெளிநாட்டு விண்ணப்பம் எல்லாம் அதற்குள்தான் வந்து விழுகின்றன. பள்ளிக்கூடத்தில் அதிபருக்குக் கடிதம் எழுதப் பழக்குகிறார்கள், அதோடு சரி. உதவித்தொகை விண்ணப்பங்கள் வந்து சேரும் இன்பொக்ஸ் ஒன்றைப் பார்க்கும் வேலை எனக்கு. இங்கிலீஷ் பிழையால் கெட்ட விண்ணப்பத்தை அதில் அரிதாகத்தான் காண்கிறேன். சொல்ல வேண்டியதை நேரத்துக்குச் சொல்லாததால் கெட்டவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

கீழே அறிகுறிப்படி எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேரே போகலாம். ஒன்று மட்டும்: மெயில் சிக்கல் என்று வருகிற பலருக்கு அடியில் இருப்பது வேலைச்சுமை. முன்பகுதியில் தீர்வு கிடைக்காவிட்டால் பின்பகுதியையும் பாருங்கள்.

அறிகுறி: மெயில் போட்டு ஒரு கிழமை, பதிலே இல்லை

கோபப்படுவதற்கு முன் மூன்று இடம் பார்க்க வேண்டும்.

முதலில் அவுட்பொக்ஸ். டேட்டா முடிந்த நேரத்தில் 'சென்ட்' அழுத்தினால் மெயில் அங்கேயே படுத்திருக்கும். போனில் பார்க்கும்போது போனது போலத்தான் தோன்றும். 'சென்ட்' பெட்டிக்குள் இருந்தால் மட்டுமே உங்கள் பக்கத்தில் வேலை முடிந்தது.

அடுத்தது, 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெயரைப் பார்த்து விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அது தபால்காரர் 'முகவரி பிழை' என்று திருப்பிக் கொண்டுவந்த கடிதம். பல்கலைக்கழக முகவரிகள் 'டொட் ஏசி டொட் எல்கே' என்றும் அரச அலுவலக முகவரிகள் 'டொட் ஜிஓவி டொட் எல்கே' என்றும் முடியும். கைப்பழக்கத்தில் 'டொட் கொம்' என்று அடித்தால் போகாது. ஜிமெயில் முகவரியில் பெயருக்கு நடுவே உள்ள புள்ளியை விட்டாலும் பரவாயில்லை, அது ஒன்றாகவே கணக்கில் எடுக்கும். மற்ற இடங்களில் புள்ளி, கோடு எல்லாம் அப்படியே வேண்டும்.

மூன்றாவது ஸ்பாம். பதில் வந்து அங்கே கிடக்கலாம். ஜிமெயில் அதை 30 நாளில் தானாக அழித்துவிடும்.

மூன்றும் சரி என்றால், அனுப்பிய மெயிலைத் திறந்து பெற்றவரின் கண்ணால் வாசியுங்கள். அடிக்கடி வருகிற மாதிரி இது:

"ஹாய் சேர். எனக்குச் சின்ன வயதில் இருந்தே விஞ்ஞானத்தில் நல்ல விருப்பம். எனது அப்பாவும் என்னை ஊக்குவிப்பார். உங்கள் போட்டியைப் பற்றி நண்பன் சொன்னான். மேலதிக விபரம் தரவும்."

சப்ஜெக்ட் வரி வெறுமை. எழுதியவர் யார், எந்தப் பாடசாலை, எந்தப் போட்டி, என்ன விபரம், ஒன்றும் இல்லை. விரிவுரையாளர் இதற்குப் பதில் எழுத வேண்டுமென்றால் முதலில் நாலு கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும். அவர் 'பிறகு பார்ப்பம்' என்று மூடிவிடுவார், பிறகு வராது. அதையே இப்படி எழுதினால்:

"சப்ஜெக்ட்: இரசாயனவியல் வினாவிடைப் போட்டி: தரம் 13 மாணவர் விண்ணப்பிக்கலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் (பாடசாலையின் பெயர்) தரம் 13 உயிரியல் பிரிவு மாணவி. உங்கள் துறை நடத்தும் போட்டியின் அறிவித்தலில் தரம் 12 என்று மட்டும் உள்ளது. தரம் 13 மாணவரும் விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பத்தில் அதிபரின் கையொப்பம் தேவை. முடிவுத் திகதி 20 என்பதால், 15ஆம் திகதிக்கு முன் தெரிந்தால் உதவியாக இருக்கும்.

நன்றி.
(முழுப்பெயர், தரம், பாடசாலை, தொலைபேசி)"

இதற்கு 'ஓம்' அல்லது 'இல்லை' என்று ஒரு சொல்லில் பதில் போடலாம். பஸ்ஸுக்கு நிற்கும்போதே போட்டுவிடுவார். திகதி குறிப்பது மரியாதைக் குறைவு என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். காரணத்தோடு சொன்னால் அது மரியாதைதான். 'உடனடியாகப் பதில் தரவும்' என்பதுதான் முகத்தில் அடிக்கிற மாதிரி இருக்கும்.

நினைவூட்டல் எப்போது? நாலைந்து வேலை நாள் விடுங்கள். போயா, சனி, ஞாயிறைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். புது மெயில் தொடங்காமல், அனுப்பிய மெயிலுக்கே 'ரிப்ளை' கொடுத்து இரண்டு வரி: "வணக்கம் ஐயா. 8ஆம் திகதி அனுப்பிய கீழுள்ள கேள்வி தொடர்பாக மீண்டும் எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது பார்க்க முடியுமா?" இரண்டாவதற்கும் அசைவில்லை என்றால் மெயிலை நம்பி இருக்காதீர்கள். துறை அலுவலகத்துக்குப் போன் எடுங்கள், இல்லாவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிக்கே போங்கள். கொழும்புப் பிள்ளைக்கு இல்லாத வசதி இது.

அறிகுறி: "இணைப்பைத் திறக்க முடியவில்லை" என்று பதில் வருகிறது

ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைத்தால் அது தானாகக் கூகுள் டிரைவ் லிங்க்காக மாறும். டிரைவில் உள்ள கோப்பு வழமையாகப் பூட்டியே இருக்கும். லிங்க் வைத்திருப்பவர் பார்க்கலாம் என்று நீங்கள் மாற்றாவிட்டால், அந்தப் பக்கத்தில் இருப்பவர் உங்களிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். அந்த அனுமதிக் கோரிக்கையும் மெயிலாகத்தான் வரும், அதையும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அனுப்ப முன், கணக்குக்குள் நுழையாத இன்னொரு போனில் லிங்க்கைத் திறந்து பாருங்கள். தங்கச்சியின் போன் போதும்.

கனடா மாமா தந்த ஐபோனில் எடுத்த படம் என்றால் இன்னொரு சிக்கல். அது 'எச்இஐசி' என்ற வகையில் சேமிக்கப்படும், பழைய விண்டோஸ் கணினிகளில் திறக்காது. எதுவாக இருந்தாலும் பிடிஎப் ஆக்கி அனுப்புவதே நல்லது. கூகுள் டிரைவ் செயலிக்குள்ளேயே ஸ்கான் வசதி இருக்கிறது, ஐபோனில் 'நோட்ஸ்' செயலிக்குள் இருக்கிறது. மேசைவிரிப்பு, பெருவிரல், ரியூப் லைட்டின் நிழல் மூன்றும் தெரிகிற பிறப்புச் சான்றிதழ்ப் படங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் ஆவணத்தின் பெயரும் இருக்கட்டும். 'ஸ்கான் 0001' என்று வருகிறவை எல்லாம் ஒரே கோப்புறையில் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும்.

இணைப்பே இல்லாமல் அனுப்புகிறவர்களுக்கு: முதலில் கோப்பை இணையுங்கள், பிறகு எழுதுங்கள், பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுங்கள். முகவரி இல்லாமல் மெயில் போகவே போகாது, அதனால் பாதியில் கை பட்டாலும் பயமில்லை. ஜிமெயில் அமைப்பில் 'அண்டூ சென்ட்' நேரத்தை 30 செக்கனாக மாற்றியும் வைக்கலாம்.

அறிகுறி: தமிழில் எழுதியது அங்கே ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது

காரணம் பாமினி என்ற பழைய எழுத்துரு. எங்கள் கொமினிகேசன் கடைகளில் இன்னும் நிறைய வேலை பாமினியில்தான் நடக்கிறது. அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் சட்டை கழன்றுவிடும். கடையில் அடிப்பித்தால், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லுங்கள். ஏற்கனவே பாமினியில் இருந்தால் இணையத்தில் உள்ள எழுத்து மாற்றியில் போட்டு மாற்றலாம், ஆனால் மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பிடிஎப் ஆக்கினாலும் தீரும். போனில் ஜிபோர்ட்டால் நேரே அடிப்பது யூனிகோட்தான், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

அறிகுறி: கணக்குக்குள் போக முடியவில்லை

இது பொல்லாத அறிகுறி, ஏனென்றால் வெளிப்படுவது கடைசி நாளில்தான்.

கதை பெரும்பாலும் ஒரே மாதிரி. சாதாரண தரம் முடிந்த கையோடு ஏதோ ஒரு படிவத்துக்கு மெயில் முகவரி தேவைப்படுகிறது. அம்மாவும் பிள்ளையும் கடைக்குப் போகிறார்கள். கடைக்கார அண்ணா ஐந்து நிமிசத்தில் ஒரு ஜிமெயில் திறந்து, தன் போனுக்கு வந்த இலக்கத்தைப் போட்டு, கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதித் தருகிறார். துண்டு இரசாயனவியல் கொப்பிக்குள் போகிறது. இரண்டு வருடத்துக்குப் பிறகு பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். மெயிலுக்குள் போனால், கூகுள் 'உங்கள் போனுக்கு இலக்கம் அனுப்பியிருக்கிறோம்' என்கிறது. அந்தப் போன் கடைக்கார அண்ணாவிடம். அண்ணா பிரான்சில்.

இப்போதே செய்யுங்கள்: கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் மீட்புத் தொலைபேசி இலக்கம் யாருடையது என்று பாருங்கள். உங்களுடையது இல்லை என்றால் மாற்றுங்கள். உங்களிடம் சொந்த சிம் இல்லாவிட்டால் அப்பாவினதோ அம்மாவினதோ, வீட்டில் நிலையாக இருக்கும் ஒன்று. மீட்பு மெயிலாக அக்காவின் முகவரியைக் கொடுங்கள். கடவுச்சொல்லை நீங்களே புதிதாக வையுங்கள்.

முகவரியின் பெயரும் இந்த நேரத்தில் கண்ணில் படும். 'கெத்து பையன் 07' என்ற பொருளில் ஒரு முகவரி வைத்திருந்தால் அதை நண்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்குச் சொந்தப் பெயரில் இன்னொன்று திறக்க ஐந்து நிமிசம் போதும்.

அறிகுறி: மற்றவருக்கு வருகிறது, எனக்கு மட்டும் மெயில் வருவதில்லை

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது. அன்ட்ரொயிட் போனில் வட்ஸ்அப் பிரதியும் (பெக்கப்) இப்போது இதற்குள் வருகிறது. வகுப்புக் குழுக்களில் வருகிற வீடியோ எல்லாம் அதில் ஏறி 15 ஜிபியை நிரப்பிவிட்டால் மெயில் வருவதும் நிற்கும், போவதும் நிற்கும். வட்ஸ்அப் பிரதியில் வீடியோவை நிறுத்துங்கள், டிரைவில் பெரிய கோப்புகளை அழித்துக் குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்குங்கள். அவ்வளவுதான்.

அறிகுறி: முடிவுத் திகதிக்குள்தான் அனுப்பினேன், பிந்திவிட்டது என்கிறார்கள்

யாருடைய இரவு 11.59 என்று கேட்க வேண்டும். லண்டனும் ரொறன்ரோவும் எங்களுக்குப் பின்னால் ஓடுகின்றன. மார்கழியில் லண்டன் 11.59 என்றால் எங்களுக்கு மறுநாள் விடிய 5.29, ரொறன்ரோ என்றால் மறுநாள் காலை 10.29. அங்கே பிந்துவது கடினம். பழைய மாணவர் சங்கத்தின் மெல்பேர்ண், சிட்னிக் கிளைகள் வைக்கும் திகதியில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். அதே மார்கழியில் மெல்பேர்ண் 11.59 என்பது எங்களுக்கு அன்று மாலை 6.29. ரியூசன் முடிந்து வந்து இரவில் அனுப்பலாம் என்று இருந்தால் கதை முடிந்தது. மேற்கு நாடுகளின் பொறி நேர்முகத்தில் இருக்கிறது: மார்கழியில் ரொறன்ரோ மாலை 6 மணி என்று சொன்னால் அலாரத்தை எங்கள் விடிய 4.30க்கு வைக்க வேண்டும்.

அறிகுறி: ஆசிரியர் பதில் போட்டார், ஆனால் குரலில் ஒரு மாதிரி

இரவு 11 மணிக்கு வட்ஸ்அப் நடையில் எழுதியிருப்பீர்கள். எழுதுவது எந்த நேரமும் எழுதலாம், 'ஷெடியூல் சென்ட்' இல் காலை 8 மணி என்று போட்டுவிட்டுப் படுங்கள். தமிழிலா இங்கிலீஷிலா என்று ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. அறிவித்தல் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழி. தமிழ் ஆசிரியருக்கு உடைந்த இங்கிலீஷில் எழுதுவதால் மரியாதை ஒன்றும் கூடிவிடாது. நேரில் 'சேர்', 'மிஸ்' என்று கூப்பிடுகிறவரை மெயிலிலும் அப்படியே எழுதலாம், முன்னால் ஒரு 'வணக்கம்' இருந்தால் போதும். அறியாதவருக்கு 'மதிப்பிற்குரிய ஐயா' அல்லது 'அம்மணி'.

இனி சுமை.

அறிகுறி: எல்லாவற்றுக்கும் 'ஓம்' சொல்லியாயிற்று, எல்லாம் ஒரே கிழமையில் வருகிறது

முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி, மார்ச்சில் வடக்கின் பெருஞ்சமர் கிரிக்கெட், பிறகு மன்ற இதழ், ஒன்றுகூடல், ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாள். நடுவே தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்துப் பரீட்சைப் பேப்பர். ஒவ்வொன்றையும் கேட்கிறவர் ஒரு ஆசிரியர், அல்லது ஒரு அண்ணா. எங்கள் ஊரில் ஆசிரியருக்கு 'ஏலாது' என்று சொல்லி வளரவில்லை. 'ஓம் சேர், செய்யிறன்' என்று சொல்லிவிட்டு, செய்ய முடியாத நாளில் அவர் கண்ணில் படாமல் மற்றப் படியால் இறங்குவதுதான் வழக்கம். ஒளிந்து திரிகிற அந்தக் கிழமைதான் சுமையில் மிகப் பாரமானது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். சாணுக்கும் முழத்துக்கும் இங்கே வித்தியாசம் உண்டு.

திகதிக்கு முன் எழுதும் மெயில் ஒரு மாதிரி வாசிக்கப்படும், பின் எழுதுவது வேறு மாதிரி வாசிக்கப்படும். மூன்று நாள் முன்னால் எழுதினால் அது திட்டமிடல், அடுத்த நாள் எழுதினால் சாட்டு. உள்ளே மூன்று விசயம் போதும்: எவ்வளவு முடிந்தது, எப்போது முழுதும் வரும், அந்தத் திகதி சரிவருமா.

"வணக்கம் மிஸ்.

வியாழக்கிழமை தரவேண்டிய உயிரியல் ஒப்படையில் முதல் இரண்டு பகுதியும் முடிந்துவிட்டன, இத்துடன் இணைத்துள்ளேன். மூன்றாம் பகுதிக்கான செயன்முறைக் குறிப்பு இன்னும் எழுதவில்லை. வெள்ளியும் சனியும் தவணைப் பரீட்சை இருப்பதால், அதை அடுத்த செவ்வாய்க்கிழமை தரலாமா? வியாழனே கட்டாயம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சுருக்கமாக எழுதித் தருகிறேன்.

நன்றி."

காய்ச்சல், கரண்ட் இல்லை, அம்மம்மாவுக்குச் சுகமில்லை எல்லாம் உண்மையாக இருந்தால் ஒரு வரியில் சொல்லலாம். பத்து வரியில் சொன்னால் உண்மையும் சாட்டாகிவிடும். முடிந்த பகுதியை இணைப்பதுதான் இந்த மெயிலின் உயிர். அதைப் பார்த்தபின் எந்த மிஸ்ஸுக்கும் கோபிக்க மனம் வராது.

ஏற்றுக்கொண்ட பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பது இதைவிடக் கடினம். இதழ்க் குழுவில் இருந்து விலக வேண்டுமென்றால் பொறுப்பாசிரியருக்கு இப்படி: "இதழுக்கு அனுசரணை சேர்க்கும் வேலையை என்னால் தொடர முடியவில்லை சேர். இதுவரை பேசிய கடைகளின் பட்டியலை இணைத்துள்ளேன், யாரிடம் என்ன பதில் வந்தது என்றும் எழுதியிருக்கிறேன். கட்டுரை ஒன்று இரண்டு திருத்தித் தர முடியும்." பட்டியலைக் கையளிக்காமல் விலகுவதுதான் குழுவைக் கோபப்படுத்தும். விலகுவதற்காக யாரும் நீண்ட நாள் கோபித்து இருப்பதில்லை, அடுத்த நாளே தரம் 12 இல் ஒருவனைப் பிடித்துவிடுவார்கள்.

அறிகுறி: நாள் முழுக்கப் படிக்கிறேன், ஒன்றும் முடிந்தபாடில்லை

கணக்குப் பார்க்காமல் இதற்கு மருந்து இல்லை. கணிதப் பிரிவை எடுப்போம். பௌதிகவியல், இரசாயனவியல் ஒவ்வொன்றுக்கும் பகுதி ஒன்று 2 மணித்தியாலம், பகுதி இரண்டு 3 மணித்தியாலம். இணைந்த கணிதத்துக்கு இரண்டு பேப்பரும் மும்மூன்று மணித்தியாலம். ஒரு வருடத்துக் கடந்தகால வினாத்தாளை முழுதாக, நேரம் வைத்து எழுதினால் 16 மணித்தியாலம். திருத்தும் நேரம் இதில் இல்லை. பத்து வருடத்துப் பேப்பர் என்றால் 160.

இப்போது கிழமையைப் பாருங்கள். மொத்தம் 168 மணித்தியாலம். நித்திரைக்கு 56, பள்ளிக்கூடத்துக்கு 30. மிச்சம் 82. சாப்பாடு, குளிப்பு, வீட்டு வேலை, கோயில் என்று நாளுக்கு மூன்று வைத்தால் 21 போய் 61. மூன்று பாடத்துக்கும் கிழமைக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம், போய்வர ஒரு மணித்தியாலம் என்றால் 24. கையில் 37 இருக்கிறது. அது நல்ல தொகை.

ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு ஆசிரியரிடம் போகிற பிள்ளைக்கு ரியூசன் 48 ஆகிறது. கையில் 13. ஒரு வருடத்துப் பேப்பரை எழுதவே 16 வேண்டும் என்று மேலே கண்டோம். இந்தப் பிள்ளை எவ்வளவு விடிய எழும்பினாலும் கணக்கு ஒத்துவராது. கேட்டுக்கொண்டே இருக்கிறார், எழுதிப் பார்க்க நேரமே இல்லை. ஒரே அலகை நல்லூரில் ஒருமுறையும் கொக்குவிலில் ஒருமுறையும் கேட்பது படித்த மாதிரி ஒரு திருப்தியைத் தரும், புள்ளி தராது.

வெட்ட வேண்டியது இரண்டாவது ரியூசன். படிப்பில் எனக்கு இருக்கும் ஒரே பிடிவாதமான அபிப்பிராயம் இது. வீட்டில் இதைச் சொல்வதுதான் பாடு:

"இரண்டு சேரிட்டையும் போனாத்தானே ஒண்டு விட்டதை மற்றவர் சொல்லுவார்?"

"அம்மா, ரெண்டு பேரும் சொல்லினம். நான்தான் எழுதிப் பாக்கேல்லை. இஞ்ச பாருங்கோ, போன மாதம் எழுதின பேப்பர் இவ்வளவுதான்."

வாயால் வாதாடாமல், கிழமைக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக் கதைத்தால் அம்மாவும் ஏறக்குறைய இறங்கி வருவார். ஒரு தவணைக்கு மட்டும் விட்டுப் பார்க்கிறேன் என்று கேளுங்கள், அப்பாவுக்கும் அது தாங்கும். விடும் ஆசிரியருக்கும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள், சொல்லாமல் நிற்காதீர்கள். அடுத்த கிழமை கடையில் கண்டால் முகம் கொடுக்க வேண்டும்.

37 மணித்தியாலம் கையில் இருந்தும் முடியவில்லை என்கிறவர், போனின் 'ஸ்கிரீன் டைம்' பகுதியை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

அறிகுறி: புத்தகம் திறந்திருக்கிறது, மண்டையில் ஏறவில்லை

நித்திரை. 14 முதல் 17 வயது வரை 8 முதல் 10 மணித்தியாலம் என்பதுதான் மருத்துவப் பரிந்துரை. விடிய 4 மணிக்கு எழும்பிப் படிக்கும் வழக்கம் எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்லப்படுவது. 8 மணிக்குப் படுத்தவர்கள் உண்டாக்கிய வழக்கம் அது. இரவு 12 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழும்புகிறவர் பாதி வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறார். மேலே போட்ட கணக்கில் நித்திரைக்கு நாளுக்கு 8 வைத்தேன். அதில் இருந்து கடன் எடுக்க வேண்டாம்.

அறிகுறி: பள்ளிக்கூடம் போகவே மனமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது

இது இரண்டு கிழமையாகத் தொடர்ந்தால் நேரசூசியால் தீராது. பள்ளிக்கூடத்தில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருப்பார், அவரிடம் போங்கள். ஊரில் கதை பரவும் என்று பயமாக இருந்தால் 1926 க்கு அழைக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. இல்லாமற்போனால் நல்லது என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு கிழமை பார்த்திருக்காமல் அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது அந்த இலக்கத்துக்கு அழையுங்கள். உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம் என்று அரசே வைத்திருக்கிறது.

அறிகுறி: பரீட்சை தொடங்கிவிட்டது, மெயிலும் வந்துகொண்டே இருக்கிறது

கார்த்திகையில் மழை, கரண்ட், லைன் மூன்றும் ஒன்றாகப் போகும். 2024 நவம்பரில் தொடங்கிய உயர்தரப் பரீட்சையே மழை வெள்ளத்தால் இடையில் நின்று டிசெம்பரில் தொடர்ந்தது. அப்படியான நேரத்தில் வதந்தி வட்ஸ்அப்பில்தான் முதலில் வரும். பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலையும் உங்கள் அதிபரின் சொல்லையும் தவிர வேறொன்றையும் நம்பிப் புத்தகத்தை மூடாதீர்கள். அனுமதி அட்டையின் நிழற்பிரதி ஒன்று முன்கூட்டியே எடுத்து வையுங்கள், கடையிலும் கரண்ட் இருக்காது.

மெயிலுக்கு ஜிமெயில் அமைப்பில் 'வெகேசன் ரெஸ்பொண்டர்' என்று, வருகிற மெயிலுக்குத் தானாகப் பதில் போடும் வசதி ஒன்று இருக்கிறது. தொடங்கும் நாளும் முடியும் நாளும் போட்டு இதை எழுதிவிடுங்கள்:

"வணக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெயில் பார்க்கிறேன். அவசரம் என்றால் அம்மாவின் இலக்கத்துக்கு அழைக்கவும்."

ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதினாலும் நாலு நாளுக்கு ஒருமுறைதான் இது அவருக்குப் போகும், தொல்லை இல்லை. அம்மாவின் இலக்கத்தைப் போட முன் அம்மாவிடம் கேளுங்கள். முடியும் நாளைப் போட மறக்க வேண்டாம்: சித்திரை வருடப்பிறப்புக்கு வாழ்த்து அனுப்பியவருக்கு 'பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்று பதில் போன சங்கதிகளும் உண்டு.